வரகாப்பியும் வயதும்: பெரட்டுக்களத்திலிருந்து அடுக்குமாடி வீடு வரை

காப்பி முதியவர்களுக்கு நல்லதா, கெட்டதா? தமிழர்கள் கூடியிருக்கும் எந்த அரங்கிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அரங்கம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். "எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் நாளைக்கு நாலு வேளை வரகாப்பி குடிச்சாங்க. கடைசி வரைக்கும் பேரப் பிள்ளைங்க பேரு ஒண்ணுகூட மறக்கல" என்று ஒரு தரப்பு சொல்லும். "அம்மாவுக்கு இனிப்புநீர். ராத்திரியில தூக்கமும் கிடையாது. எல்லாத்துக்கும் இந்தக் காப்பிதான் காரணம்" என்று மறு தரப்பு எழுந்து நிற்கும்.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒன்றை மறந்துவிடுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் முதியவருக்குக் காப்பி என்பது வெறும் பானம் அல்ல. அது ஒரு வாழ்க்கை முறையின் மிச்சம். அந்த வாழ்க்கை எப்படி வந்தது, எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் குவளையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தவிர்ப்பது என்பது விளங்கும்.

ரப்பருக்கு முன் வந்த காப்பி

மலாயாத் தமிழர் வரலாறு என்றதும் பால்மரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சிலாங்கூரில் ரப்பருக்கு முன்பே காப்பி வந்துவிட்டது.

இந்தக் கதை இலங்கையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டங்களை அமைத்தார்கள். அங்கு வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டினார்கள். ஊருக்குப் போய், உறவையும் சாதிசனத்தையும் பேசிச் சேர்த்து அழைத்து வரும் கங்காணி முறை அந்தக் காப்பித் தோட்டங்களில்தான் வேரூன்றியது. 1869ஆம் ஆண்டு அங்கே காப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழிலையே அந்தப் பூஞ்சை சாய்த்துவிட்டது. சில துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். வேறு சிலர் புதிய நிலம் தேடி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது சிலாங்கூர். மலைநாட்டில் வளரும் அராபிகா இங்குள்ள தாழ்நிலத்துக்கு ஒத்து வராது. ஆகவே வெப்பத்தைத் தாங்கும் லைபீரிகா வகைக் காப்பியை நட்டார்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. கிள்ளான் துறையிலிருந்து சரக்கு கப்பல் ஏறியது. 1890களில் சிலாங்கூரின் தோட்டப் பயிர்களில் காப்பிதான் முன்னணியில் நின்றது. துரைமார்கள் காப்பியோடு கங்காணி முறையையும் கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்தக் காப்பி நீடிக்கவில்லை. பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்ததால் உலகச் சந்தையில் விலை விழுந்தது. புழுக்கள் வேறு இலையைத் தின்றன. 1890களின் நடுவில் காஜாங் அருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்கள். மற்றவர்களும் காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பர் கன்றை ஊன்றினார்கள். ரப்பர் வளர்ந்தது, காப்பி மறைந்தது. ஆனால் காப்பிக்காக அமைந்த கங்காணி முறை ரப்பருக்குக் கைமாறி, 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை நீடித்தது. தமிழரை இங்கே அழைத்து வந்த பயிர்களில் ஒன்று காப்பி. அது நிலத்தை விட்டுப் போனாலும் குவளையை விட்டுப் போகவில்லை.

பெரட்டுக்கு முன் ஒரு குவளை

ரப்பர் மரத்தை வெயில் ஏறும் முன்பே சீவ வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். அதனால் தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கியது. பொழுது விடியும் முன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன் லயத்து வீடுகளில் அடுப்பு எரியும். மங்குக் குவளையில் வரகாப்பி. பாலுக்குக் காசு இல்லை, ஆகவே பால் கிடையாது. சீனி உண்டு. கடைக்காரரின் கடன் புத்தகத்தில் காப்பித் தூளும் சீனியும் அடுத்தடுத்த வரிகளில் ஏறும். சம்பள நாளில் கழியும்.

மிச்சக் காப்பியைப் போத்தலில் ஊற்றி, துணியோ காகிதமோ சுருட்டி வாயை அடைத்து, மரக்காட்டுக்கு எடுத்துப் போவார்கள். சில நூறு மரங்களைச் சீவி முடித்து, பால் எடுக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும்போது நாலு பேர் ஒரு மர நிழலில் உட்கார்ந்து பசியாறுவார்கள். ரொட்டியைக் காப்பியில் தோய்த்து உண்பார்கள். ஊர்க்கதை, கங்காணியின் அதட்டல், கோயில் திருவிழா, பிள்ளையின் கல்யாணம் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன.

இந்தக் காட்சியில் மூன்று பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, தூக்கத்தை விரட்டும் காப்பி. இரண்டு, உழைப்புக்கு வலுக் கொடுக்கும் சீனி. மூன்று, கூட உட்காரும் மனிதர்கள். தோட்டத்துக் காப்பி என்பது இந்த மூன்றும் சேர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸில் கோப்பி

நகரத்தில் கதை சற்று வேறு. 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் சிக்கிச் சீரழிந்த பிறகு, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்களை எழுப்ப வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் இருந்த வட்டாரம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்பும் அங்கே வந்தன. தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், எழுத்தர் வேலைக்கும் நிலையத் தலைவர் வேலைக்கும் யாழ்ப்பாணத் தமிழர்கள். இவர் வீட்டில் அது 'காப்பி', அவர் வீட்டில் 'கோப்பி'. மலாய்க்காரரும் அதைக் 'கோப்பி' என்றே சொன்னதால் கடையில் 'கோப்பி ஓ' என்று கேட்பதே எல்லாருக்கும் பொது வழக்கமானது.

அந்தக் கடைகளில் பெரும்பாலானவை ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களுடையவை. கோலாலம்பூரின் யுட் கீ கடை 1928இல் தொடங்கியது. கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சோங் கோக் கடை 1940 முதல் நடக்கிறது. காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்க வறுத்து, துணிப்பையில் வடித்து, கெட்டிப் பால் ஊற்றிக் கொடுப்பது இந்தக் கடைகளின் பாணி. தோட்டத்தில் பாலில்லாமல் குடித்தவருக்கு நகரத்தில் பால் கிடைத்தது. ஆனால் அது சீனியில் ஊறிய பால்.

வசை கேட்ட பானம்

காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது புதிதல்ல. 1511இல் மக்கா நகரின் ஆளுநர் காப்பிக்குத் தடை போட்டார். 1675இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் காப்பிக் கடைகளை மூடும்படி ஆணையிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார். தமிழ்நாட்டிலும் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, காப்பி கள்ளை விடக் கெட்டது, குடும்பத்தைக் கெடுப்பது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

மருத்துவ உலகமும் தடுமாறியதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1991இல் காப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2016இல் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்போதே இன்னொன்றையும் சொன்னது: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது. 'நாக்கு சுட்டாத்தான் காப்பி' என்று சொல்லும் தாத்தாக்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

மூளைக்குள் நடப்பது என்ன?

1819இல் ஃபிரீட்லீப் ருங்கே என்ற இளம் ஜெர்மன் வேதியியலாளரிடம் கவிஞர் கோதே சில காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று ஆராயச் சொன்னார். ருங்கே பிரித்தெடுத்தது காஃபின்.

மனிதன் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய பூட்டுகளில் போய் உட்காரும்போது சோர்வும் தூக்கமும் வருகின்றன. காஃபின் அதே பூட்டுக்குள் நுழையும், ஆனால் பூட்டைத் திறக்காது. இடத்தைப் பிடித்துக்கொண்டு அடினோசினை உள்ளே விடாது. அதனால்தான் ஒரு குவளை குடித்ததும் தெளிவு வருகிறது, மனம் கொஞ்சம் இலேசாகிறது.

பழகிய மூளைக்கு ஒரு நாள் காப்பி கிடைக்காவிட்டால் தலைவலி வரும், எரிச்சல் வரும். விரத நாளில் தலை இடிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பசி மட்டும் காரணம் அல்ல. காலையில் போகாத காப்பியும் காரணமாக இருக்கலாம்.

குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். வயதானவருக்கு ஏற்கெனவே தூக்கம் குறைவு. தூக்கம் கெட்டால் மறுநாள் நினைவும் மனநிலையும் சேர்ந்து கெடும். ஆகவே 'ராத்திரித் தூக்கமில்லை' என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அது மாலைக் காப்பியின் குற்றம், காலைக் காப்பியின் குற்றம் அல்ல.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஹவாய்த் தீவில் 8,004 ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிகம் காப்பி குடித்தவர்களுக்கு, கை கால் நடுக்கத்தைத் தரும் பார்க்கின்சன் நோய் குறைவாகவே வந்திருந்தது. ஹவாய் ஜப்பானியர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பது இங்குள்ள வாசகருக்கு நெருக்கமான செய்தி.

பின்லாந்தில் 1,409 பேரைச் சராசரியாக 21 ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தார்கள். நடுவயதில் நாளுக்கு 3 முதல் 5 கோப்பை குடித்தவர்களிடம், குறைவாகக் குடித்தவர்களைவிட முதுமை மறதி 65 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. இது 2009இல் வெளியானது. மனநிலையைப் பற்றிய ஆய்வு 2011இல் வந்தது. அமெரிக்காவில் 50,739 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 63. நாளுக்கு 2, 3 கோப்பை குடித்தவர்களுக்கு மனச்சோர்வு நோய் 15 விழுக்காடு குறைவு. 4 கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு 20 விழுக்காடு குறைவு.

அப்படியானால் குடம் குடமாகக் குடிக்கலாமா? கூடாது. பிரிட்டனில் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு எதிர்ப்பக்கம் நிற்கிறது. நாளுக்கு 6 கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்கு, 1, 2 கோப்பை குடித்தவர்களைவிட முதுமை மறதிக்கான வாய்ப்பு 53 விழுக்காடு அதிகம். மூளையின் அளவும் சற்றுச் சிறியதாக இருந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இவையெல்லாம் மக்களைக் கவனித்துச் சொன்னவை. காப்பிதான் காத்தது என்று நிரூபித்தவை அல்ல. நோய் தொடங்கும்போதே சிலர் காப்பியைக் குறைத்துவிடுவார்கள். நண்பர்களோடு கடைக்குப் போய்க் குடிக்கத் தெம்புள்ளவர் பொதுவாகவே நலமாக இருக்கக்கூடும். அவர் நலத்துக்குக் காரணம் காப்பியா, நண்பர்களா? கணக்கில் பிரிப்பது கடினம்.

சீனியும் தனிமையும்

இங்கேதான் தோட்டத்துக் குவளைக்கு மறுபடியும் திரும்ப வேண்டும். 2024இல் முதுமை மறதியைப் பற்றிய லான்செட் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரி செய்தால் உலகில் 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. அந்தப் பட்டியலில் காப்பி இல்லை. இனிப்புநீர் இருக்கிறது. இரத்த அழுத்தம், செவிக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உடல் அசைவின்மை, மனச்சோர்வு, மனிதத் தொடர்பற்ற தனிமை ஆகியவையும் இருக்கின்றன.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியோரில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதிக்கான அறிகுறிகளும் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் இருந்தன. இனிப்புநீரோ, நாட்டிலுள்ள இனங்களில் இந்தியர்களைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

மரம் சீவிய காலத்தில் சீனி உடம்பில் தங்கவில்லை. பல கல் தொலைவு நடந்து, தோளில் பால் வாளி சுமந்து வியர்வையில் கரைந்தது. இப்போது அதே இரண்டு கரண்டிச் சீனி, அல்லது கெட்டிப் பால், அல்லது மூன்றும் கலந்து வரும் பொட்டலம், தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குப் போகிறது. உழைப்பு நின்றது, சீனி நிற்கவில்லை.

மூன்றாவது பொருளுக்கு என்ன ஆனது? தோட்டங்கள் நகரங்கள் ஆயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பல டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. வளர்ச்சி வந்தது, உண்மை. ஆனால் லயத்து வாசலும் கோயில் திடலும் மரநிழலும் அந்த மாடிப் படிகளில் ஏறி வரவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நான்காவது மாடியில் ஓர் அம்மா தானே காப்பி கலக்கி, தானே குடிக்கிறார். மூட்டு வலியில் படி இறங்க முடிவதில்லை.

தோட்டத்துக் காப்பியின் மூன்று பொருள்களில் நகரம் இரண்டை மிச்சம் வைத்தது. பறித்துக்கொண்டது மூன்றாவதை. அந்த மூன்றாவதுதான் மூளைக்கும் மனத்துக்கும் அதிகம் வேண்டியது.

என்ன செய்யலாம்?

வீட்டிலுள்ள பெரியவரிடமிருந்து காப்பியைப் பிடுங்கத் தேவையில்லை. வேறு உடற்கோளாறு இல்லாதவர் நாளுக்கு இரண்டு, மூன்று கோப்பை குடிப்பதால் கெடுதல் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்றது. ஆனால் ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் உண்டு. உள்ளூர்க் கடைக் காப்பியில் ரொபஸ்டாதான் மிகுதி. கடைக் காப்பி ஒரு குவளையைக் குறைவாக எடைபோட வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு நிறுத்திக்கொள்வது தூக்கத்துக்கு நல்லது. தைராய்டு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் காப்பியோடு விழுங்கக் கூடாது. மருந்தின் பலன் குறையும். நெஞ்சுப் படபடப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும். சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் சண்டைதான் வரும். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

கடைக்காரரிடம் கேட்க ஏற்ற சொல்லும் இந்த நாட்டிலேயே இருக்கிறது: 'கோப்பி ஓ கோசோங்'. பாலில்லாத, சீனியில்லாத காப்பி. கோசோங் என்றால் காலி என்று பொருள். குவளையில் சீனி கோசோங்காக இருக்கலாம். எதிரே இருக்கும் நாற்காலி கோசோங்காக இருக்கக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் காலை வேளையில் இன்னும் சில மேசைகளைச் சுற்றி நரைத்த தலைகள் கூடுகின்றன. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை வெட்டிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். மர நிழலில் பசியாறிய அந்தப் பழைய கூட்டத்தின் தொடர்ச்சி அது.

அந்த மேசைக்கு வர முடியாத பெரியவர்களிடம் மேசை போக வேண்டும். வார இறுதியில் ஒரு காலை, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எதிரே உட்கார்ந்து ஒரு குவளை வரகாப்பி குடியுங்கள். "உங்க தோட்டத்துல பெரட்டு எத்தனை மணிக்குப்பா?" என்று கேளுங்கள். பதில் ஒரு மணி நேரம் நீளும். அதுவரை காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை.